தாராப்பூர் நெசவாலையின் கணக்கும் குமரி அண்டி ஆபீஸும்

கருங்கல், குலசேகரம், அருமனை, மேல்புறம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு முந்திரித் தொழிற்சாலை கண்ணில் படும். ஊர்ப் பேச்சில் அதற்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். கொல்லத்தில் வேர்பிடித்து, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் வரை பரவிய தொழில். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்த ஆபீஸில் நுழைந்தாலும் நோட்டுக்குக் குறைவில்லை. உடைப்புக்கு ஒன்று, தோல் உரிப்புக்கு ஒன்று, தரம் பிரிப்புக்கு ஒன்று. யார் எத்தனை கிலோ உரித்தார், யாருக்கு எவ்வளவு கூலி என்பது பைசா பிசகாமல் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை துண்டுப் பருப்பு ஏன் கூடியது என்று கேட்டுப் பாருங்கள். எந்த நோட்டிலும் பதில் இல்லை. "சரக்கு அப்படி சார்" என்பார் மேஸ்திரி. முதலாளியும் அதையே சொல்வார்.

சரக்கு அப்படியா, நடத்துகிற விதம் அப்படியா என்பதைப் பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஆய்வு ஒன்று இந்தியாவிலேயே, மும்பையை ஒட்டிய தாராப்பூர் பக்கத்து நெசவாலைகளில் நடந்திருக்கிறது. அதை முதலில் விரிவாகப் பார்த்துவிட்டு, குமரியின் முந்திரித் தொழிலுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று இங்கே பார்க்கிறோம். தாராப்பூர் ஆய்வைப் பற்றி வரும் எண்கள் அச்சில் வெளியானவை. முந்திரி ஆபீஸ் பற்றி வரும் ரூபாய்க் கணக்குகள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் விலையையும் அளவையும் போட்டுத் திருப்பிக் கணக்கிட வேண்டியவை.

ஆய்வு நடந்த விதம்

மேலாண்மை நன்றாக இருந்தால் லாபம் கூடும் என்று சொல்வது எளிது. அதை நிரூபிப்பதுதான் கடினம். நல்ல லாபம் வரும் ஆலையில் நல்ல மேலாளர் இருக்கிறார் என்றால், மேலாளரால் லாபமா, லாபம் இருப்பதால் நல்ல மேலாளரை வைக்க முடிந்ததா? நிக்கோலஸ் புளூமும் ஜான் வான் ரீனனும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனியைச் சேர்ந்த 732 நடுத்தர ஆலைகளின் மேலாளர்களோடு தொலைபேசியில் பேசி, 18 நடைமுறைகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் போடப்படுகிறது என்பதே மேலாளருக்குத் தெரியாது. மதிப்பெண் கூடிய ஆலைகளில் உற்பத்தித்திறனும் கூடுதலாக இருந்தது. போட்டி குறைந்த தொழில்களிலும், மூத்த மகனுக்கே நிர்வாகம் போகும் குடும்ப நிறுவனங்களிலும் மதிப்பெண் தாழ்ந்திருந்தது. ஆனால் இது உறவைக் காட்டுமே தவிர, எதனால் எது என்பதைக் காட்டாது.

அதனால் அடுத்த கட்டமாக, மருந்துச் சோதனை நடத்துவது போல ஆலைகளை வைத்தே ஒரு சோதனை நடந்தது. புளூம், பென் ஐஃபர்ட், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கென்சி, ஜான் ராபர்ட்ஸ் ஆகியோர் மும்பையை ஒட்டிய தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் பருத்தித் துணி நெய்யும் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாமே குடும்ப நிறுவனங்கள். குலுக்கல் முறையில் 11 நிறுவனங்கள் ஒரு பக்கம், 6 நிறுவனங்கள் மறு பக்கம். முதல் பக்கத்தின் 14 ஆலைகளில் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் ஒரு மாதம் உட்கார்ந்து நிலைமையைக் கணித்தார்கள். பிறகு நான்கு மாதம் கூடவே நின்று மாற்றங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மறு பக்கத்தின் 6 ஆலைகளுக்கு அந்த ஒரு மாதக் கணிப்பு மட்டும். அதே நிறுவனங்களின் மீதி 8 ஆலைகளில் ஆலோசகர்கள் நேரடியாக வேலை செய்யவில்லை.

அந்த 6 ஆலைகளையும் ஏன் சும்மா விடவில்லை என்பது கவனிக்க வேண்டியது. வெளியாள் வந்து நின்றாலே வேலை சற்று ஒழுங்காகும். எண்களைத் திரட்டவும் ஆள் உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் போனதால், "யாரோ பார்க்கிறார்கள்" என்ற காரணத்தை ஓரளவு கழித்துவிடலாம். எண்ணிக்கை சிறியது என்பதால், சின்னக் கூட்டத்துக்கும் செல்லுபடியாகும் புள்ளியியல் சோதனைகளையே பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு ஆலையிலிருந்தும் வாரக்கணக்கில் நீண்ட காலம் எண்கள் திரட்டப்பட்டன. ஆலை எண்ணிக்கையில் இருந்த குறையை அது கொஞ்சம் ஈடுசெய்தது.

புகுத்தப்பட்டவை 38 நடைமுறைகள். தறிக்கூடப் பராமரிப்பு, தரக் கட்டுப்பாடு, இருப்புக் கணக்கு, ஆள் நிர்வாகம், விற்பனையும் ஆர்டர் திட்டமும் என ஐந்து வகை. ஒன்றிலும் மாயம் இல்லை. தறி நின்றால் ஏன் நின்றது என்று எழுதுவது, துணியில் குறை வந்தால் எந்த வகைக் குறை என்று பிரித்து எழுதுவது, அந்த ஏட்டை அன்றன்றைக்கே மேலாளர்கள் கூடிப் பார்ப்பது, நூல் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவது, உதிரிபாகத்தை அடுக்கி வைப்பது. ஆரம்பத்தில் இந்த 38-ல் கால் பங்கு மட்டுமே ஆலைகளில் இருந்தது. நெய்த துணியில் உள்ள குறைகளைக் கையால் சரிசெய்வதற்கே ஆள்பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. குறை எங்கே பிறக்கிறது என்று தேடுவதைவிட, பிறந்த பிறகு தைத்து மறைக்க ஆள் வைப்பது பழகிப்போயிருந்தது.

2013-ல் வெளியான முடிவின்படி, உதவி பெற்ற ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. குறைகள் குறைந்தன. தேங்கிய இருப்பு குறைந்தது. மூன்று ஆண்டுக்குள் அந்த நிறுவனங்கள் புதிய ஆலைகளையும் திறந்தன.

இவ்வளவு லாபம் இருந்தால் முன்பே ஏன் செய்யவில்லை? ஆய்வாளர்கள் துருவித் துருவிக் கேட்ட கேள்வி இது. பணம் இல்லாததால் என்ற பதில் நிற்கவில்லை. செலவே இல்லாத நடைமுறைகளும் கிடப்பில் கிடந்தன. சில நடைமுறைகளைப் பற்றி முதலாளிகள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவை தங்களுக்குத் தேவையில்லை என்று நினைத்தார்கள். பக்கத்து ஆலையும் இப்படித்தானே ஓடுகிறது, நம் தரம் மோசம் இல்லையே என்பது பொதுப் பதில். அளக்காதவருக்குத் தன் தரம் மோசமாகத் தெரியாது.

குமரிக்குக் கொண்டுவந்தால்

கணக்குக்காக ஒரு ஆபீஸை வைத்துக்கொள்வோம். நாளுக்கு 80 கிலோ மூட்டை 50 உடைபடுகிறது. அதாவது 4,000 கிலோ கொட்டை. 25 சதவீதம் பருப்பு கிடைத்தால் 1,000 கிலோ. அதில் 85 சதவீதம் முழுப் பருப்பு. மீதி பிளவு, துண்டு, பொடி. முழுப் பருப்புக்கும் துண்டுக்கும் சராசரி விலை வித்தியாசம் கிலோவுக்கு 150 ரூபாய் என்று வைப்போம். முழுப் பருப்பு 85-லிருந்து 88 சதவீதமானால் நாளுக்கு 30 கிலோ இடம் மாறும். 4,500 ரூபாய். ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் 11,25,000 ரூபாய். புது இயந்திரம் வாங்காமல், ஒரு மூட்டை கூடுதலாக உடைக்காமல் வருவது இது.

நெசவாலைக்கும் முந்திரிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். முந்திரியில் செலவின் பெரும்பகுதி கொட்டை வாங்குவதில் போய்விடுகிறது. ஆகவே ஒரு தொழிலாளி நாளுக்கு எத்தனை கிலோ என்ற எண்ணைத் துரத்தினால் தவறான எண்ணைத் துரத்துகிறோம். வேகம் கூட்டினால் உடைவு கூடும். கூலியில் மிச்சமானது பருப்பில் கரைந்துவிடும். மேலாண்மை நூல்களில் உற்பத்தித்திறன் என்று வரும் இடத்தில் முந்திரி ஆபீஸ் எழுதிவைக்க வேண்டியது இரண்டு எண்கள்: 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு, அதில் எத்தனை சதவீதம் முழுசு.

வெட்டிப் பார்க்கும் கணக்கு

முதல் எண் கொட்டை வாங்கும்போதே தெரியும். ஒரு லாட்டின், அதாவது ஒரே தடவையில் வாங்கும் சரக்கின், பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, ஒரு கிலோ நிறுத்து, எல்லாக் கொட்டையையும் வெட்டிப் பருப்பை வெளியே எடுக்கிறார்கள். நல்ல பருப்பு முழு எடை; புள்ளி விழுந்ததும் சூம்பியதும் பாதி எடை. நல்லது 265 கிராம், புள்ளி 12 கிராம் என்றால் 265 + 6 = 271. இதை 80-ஆல் பெருக்கி 453.6-ஆல் வகுத்தால் 47.8 பவுண்டு. இந்த எண்ணை வைத்துத்தான் பேரமே நடக்கிறது. பேரம் முடிந்ததும் சீட்டு கோப்புக்குள் போய்விடும். பதப்படுத்தி முடித்தபின் அதே லாட்டில் உண்மையில் எத்தனை பவுண்டு வந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அரிது.

47.8 பவுண்டு என்றால் 27.1 சதவீதம். நம் ஆபீஸுக்குக் கிடைத்தது 25. நாளுக்கு 84 கிலோ வித்தியாசம். உடனே திருட்டு என்று பாயக்கூடாது. வெட்டிப் பார்க்கையில் நிறுக்கும் பருப்பில் செந்தோல் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. போர்மா என்ற சூட்டறையில் ஈரம் போகும், உரிப்பில் தோல் போகும். எனவே இந்த வித்தியாசம் பூஜ்யம் ஆகவே ஆகாது. பார்க்க வேண்டியது லாட்டுக்கு லாட் அது எப்படி மாறுகிறது என்பதை. மூன்று லாட்டில் 80 கிலோ சுற்றி நின்ற வித்தியாசம் நான்காவதில் 110 ஆனால், அப்போது தேட வேண்டும். முதலில் தேடும் இடம் ஓட்டுக் குவியல். வெளியே போகும் ஓட்டில் 5 கிலோ அள்ளி, அதில் ஒட்டிக்கொண்டு போகும் பருப்பைப் பொறுக்கி நிறுத்தால் அரை மணி நேரத்தில் விடை பாதி கிடைத்துவிடும். ஓட்டு எண்ணெய் கையைப் புண்ணாக்கும், அதனால் பொறுக்குபவருக்குக் கையுறை கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

போர்மாவின் ஒரு தட்டு

இரண்டாவது எண்ணான முழுசு எங்கே உடைகிறது? உடைக்கிற பெஞ்சில் என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கேயும் உடைகிறதுதான். நீராவி போதாமல் இருந்தாலும், அவித்த கொட்டையை இரவு முழுக்க ஆறவிடாமல் பெஞ்சுக்கு அனுப்பினாலும் ஓடு சரியாகப் பிளக்காது, பருப்பு நசுங்கும். ஆனால் பெஞ்சில் நேர்ந்த உடைவு அங்கேயே தெரிந்துவிடும், திட்டும் அங்கேயே விழும். போர்மாவில் நேரும் தவறு உரிப்பில்தான் தெரியும். அதனால் பழி உரிக்கிற அக்காமார் தலையில் விழுகிறது.

போர்மா என்பது செந்தோலோடு இருக்கும் பருப்பைக் காயவைக்கும் சூட்டறை. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில் 6 முதல் 8 மணி நேரம். பருப்பின் ஈரம் 6 சதவீதம் அளவிலிருந்து 3 சதவீதம் பக்கம் இறங்கும். ஒரு தட்டை வெளியே எடுத்து நடுவிலிருந்து பத்துப் பருப்பும் சூடு வரும் பக்கத்து ஓரத்திலிருந்து பத்தும் எடுத்து விரலிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தால் போதும். சரியாகக் காய்ந்திருந்தால் செந்தோல் சருகுபோல் சுருண்டு விழும், பருப்பு வெளுப்பாக நிற்கும். ஓரத்துப் பருப்பு இளம்பழுப்பாக இருந்தால் அது கருகல் தரத்துக்குப் போய்விட்டது. கொஞ்சம் அழுத்தினால் இரண்டாகப் பிளக்கும். நடுவில் தோல் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஈரம் மிச்சம். உரிப்பவர் கத்தி எடுப்பார், பருப்பில் கீறல் விழும், தரம் ஒரு படி இறங்கும். ஒரே தட்டில் இந்த இரண்டும் இருந்தால் காரணம் ஒன்றுதான்: தட்டை இடம் மாற்றவில்லை. பாதி நேரத்தில் மேல்தட்டைக் கீழும், ஓரத்தை உள்ளுமாக மாற்ற வேண்டும். இரவு ஷிப்டில் அதைச் செய்ய வேண்டியவர் கண்ணயர்ந்திருப்பார்.

ஆனி, ஆடிச் சாரல் நாட்களில் இன்னொரு சிக்கல். காய்ந்த பருப்பைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் எடுத்த தட்டு மதியத்துக்குள் பதம் மாறும். மாசியில் சரியாக இருந்த நேர அளவு ஆடியில் சரியாக இராது. இங்கே இரண்டு மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையிலும் இதே கதை. ஆண்டு முழுதும் ஒரே நேரத்துக்கு அடுப்பை அணைக்கும் ஆபீஸில் துண்டு எப்போது கூடுகிறது என்பதை நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தாராப்பூரில் தறி நின்ற காரணத்தை எழுதவைத்தது போல, இங்கே எழுதவைக்க வேண்டியது ஒரே ஒரு தாள். போர்மாவின் எண், லாட் எண், உள்ளே வைத்த நேரம், வெளியே எடுத்த நேரம், இரண்டு மணிக்கு ஒருமுறை வெப்பம், தட்டு மாற்றிய நேரம், மாற்றியவர் கையெழுத்து. வலது ஓரத்தில் மறுநாள் நிரப்ப மூன்று கட்டம்: அந்தப் போர்மாவின் பருப்பில் முழுசு எவ்வளவு, துண்டு எவ்வளவு, கருகல் எவ்வளவு. உள்ளே வைத்தவரின் எழுத்தும் உரித்துக் கிடைத்த எடையும் ஒரே தாளில் சேர்வதுதான் இதில் புதுசு. இப்போது இரண்டும் இரண்டு நோட்டில், இரண்டு பேர் கையில் இருக்கின்றன. ஒருபோதும் சந்திப்பதில்லை.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. உரிப்புக்குப் பருப்பு கொடுக்கும்போது போர்மா கலக்கக்கூடாது. ஒரு மேசைக்கு ஒரு போர்மாவின் பருப்பு மட்டும். இடவசதி இல்லை என்று முதல் வாரமே இது உடையும். எல்லாவற்றையும் பிரிக்க முடியாவிட்டால் ஒவ்வொரு போர்மாவிலிருந்தும் 10 கிலோவை மட்டும் தனியாக ஒரு மேசையில் உரித்து அதன் எடையை எழுதினால் போதும். மாதிரி எடுப்பவர் தட்டின் மேல்பக்கத்திலிருந்து அள்ளாமல் ஓரமும் நடுவும் சேர எடுக்க வேண்டும், அவ்வளவே.

பத்து மணிக் கூட்டம்

தாள் நிரம்பினால் மட்டும் எதுவும் ஆகாது. மும்பை ஆய்வில் பலன் தந்தது ஏடும் அதை அன்றன்று பார்க்கிற கூட்டமும் சேர்ந்தது. அண்டி ஆபீஸில் இதற்குத் தோதான நேரம் காலை பத்து மணி. முந்தைய நாள் எடை எல்லாம் முடிந்திருக்கும், உடைப்பு ஓடிக்கொண்டிருக்கும். முதலாளி அல்லது மேலாளர், அவியல் பார்ப்பவர், போர்மா பார்ப்பவர், உரிப்பு மேஸ்திரி, கிரேடிங் மேஸ்திரி. நின்றபடி கால் மணி நேரம். கேள்வி மூன்று: நேற்று எந்தப் போர்மா மோசம், ஏன், இன்றைக்கு யார் என்ன மாற்றுகிறார். மூன்றாவதன் பதிலை அன்றைய தாளின் கீழே எழுத வேண்டும். எழுதாத முடிவு சாயங்காலம் டீ குடிக்கையில் மறந்துபோகும்.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில். முதலாளி குரலை உயர்த்தினால் மறுநாளிலிருந்து தாளில் எல்லா வெப்பமும் 70 என்று வரும். 70, 70, 70 என்று வரிசையாக நின்றால் அது வெப்பமானி பார்த்து எழுதியதில்லை, பயத்தில் எழுதியது. உண்மையான போர்மா 66-க்கும் 74-க்கும் ஆடும். அப்படி ஆடும் தாளை எழுதியவரைப் பாராட்டுவதும், நேரான தாளை எழுதியவரிடம் "வாருங்க, நாம ஒருதடவை சேர்ந்து பாப்போம்" என்று போர்மாவுக்குக் கூட்டிப் போவதும்தான் வழி. இன்னொரு பயம் உரிப்பவர்களுடையது. எடைக்குக் கூலி வாங்குபவர், துண்டை எழுதினால் கூலியில் பிடிப்பார்கள் என்று நினைப்பார். நினைப்பு நியாயமானதே. முதல் மூன்று மாதம் இந்தத் தாளை வைத்து யாருடைய கூலியிலும் கைவைக்க மாட்டோம் என்று எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும், சொன்னபடி நிற்கவும் வேண்டும். ஒரே ஒருவரிடம் பிடித்தாலும் அடுத்த நாளே துண்டு முழுசோடு கலந்து கிரேடிங்குக்குப் போகும்.

ஊக்கத்தொகை வேண்டும் என்றால் தனியாளுக்குக் கொடுப்பதைவிட போர்மாவிலிருந்து உரிப்பு வரை ஒரு குழுவாக வைத்து, முழுசு கூடியதில் ஒரு பங்கைப் பகிர்வது மேல். மேலே சொன்ன 4,500 ரூபாயில் நாலில் ஒரு பங்கு பகிர்ந்தாலும் ஆபீஸுக்கு மிச்சம் பெரிது. தனியாள் ஊக்கத்தொகையில் நல்ல தட்டு யாருக்கு விழுகிறது என்ற சண்டை தினமும் வரும்.

இருப்பு

இதில் சொல்ல அதிகம் இல்லை, பணம்தான் அதிகம். ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடி வழியாகக் கப்பலில் பருவத்துக்கு வரும்போது மொத்தமாக வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. 200 டன் இருப்பு, கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 2.4 கோடி. 12 சதவீத வட்டியில் ஒவ்வொரு மாதமும் 2.4 லட்சம். ஆக, எந்த லாட் எவ்வளவு நாளாகக் கிடக்கிறது என்பது கணக்கரின் விஷயமாக மட்டும் இருக்க முடியாது. லாட் எண், வந்த தேதி, நாடு, வெட்டிப் பார்த்த பவுண்டு, ஈரம் ஆகிய ஐந்தும் எழுதிய அட்டை ஒவ்வொரு அடுக்கின் முகப்பிலும் தொங்க வேண்டும். ஈரம் கூடிய லாட் முதலில் களத்தில் காய வேண்டும். 8 முதல் 10 சதவீதத்துக்குள் வராத கொட்டையைச் சாரல் காலத்தில் அடுக்கி வைத்தால் உள்ளே பருப்பு புள்ளி விழும். வழியில் இருப்பதை முதலில் எடுப்பது கிட்டங்கி ஆளுக்கு வசதி. அதனால் சுவரோரத்து அடுக்கு ஒன்றரை வருடம் கிடக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு பக்கமும் ஆள் போகும் அளவு இடம் விடுவதுதான் இதற்கு மருந்து, எவ்வளவு நெருக்கடி இருந்தாலும்.

யார் பார்ப்பது

மும்பை ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு குமரிக்காரர்களுக்குச் சுருக்கென்று உறைக்கும். நிறுவனம் எவ்வளவு பெரிதாகும் என்பதை நிர்வாகத் தரத்தைவிட, குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பது நன்றாகக் கணித்தது. வெளியாளை நம்பி முடிவை ஒப்படைக்க முதலாளிகள் தயங்கினார்கள். திருடிவிடுவார் என்ற பயம், திருடினால் சட்டத்தின் மூலம் மீட்கலாம் என்ற நம்பிக்கையின்மை. நம்பத் தகுந்தவர் அண்ணன், தம்பி, மகன். அவர்கள் தீர்ந்தால் வளர்ச்சியும் நின்றுபோகும்.

இங்கே அந்த மகன் துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறார். ஆபீஸைப் பார்ப்பவர் அறுபது கடந்த தந்தை. 38 நடைமுறைகளை அவர் தலையில் ஏற்றுவது நடக்காத காரியம். ஆனால் இந்த ஆபீஸ்களில் நம்பத் தகுந்த ஆள் இல்லாமல் இல்லை. பதினைந்து, இருபது வருடமாக உரிப்பையும் கிரேடிங்கையும் பார்க்கும் பெண் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். ஒரு பருப்பை எடுத்துப் பார்த்ததும் எந்த போர்மா, எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களிடம் முடிவெடுக்கும் உரிமை இல்லை; கூலி நோட்டு மட்டும் இருக்கிறது. போர்மாவை அரை மணி முன்னதாக நிறுத்தச் சொல்லும் உரிமையை மேஸ்திரிக்குக் கொடுப்பதில் திருட்டுக்கு வழியே இல்லை. பணம், கொள்முதல், விற்பனையை முதலாளி தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். நேரம், வெப்பம், வரிசை இவற்றை விட்டுக்கொடுக்கலாம். நம் பார்வையில் முந்திரி ஆபீஸுக்கு இந்த ஆய்விலிருந்து எடுக்க வேண்டியவற்றில் முதலாவது இதுதான், தாள்கூட இரண்டாவதுதான்.

2017-ல் திரும்பிப் போனபோது

ஆய்வாளர்கள் அத்துடன் விடவில்லை. 2017-ல் அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போனார்கள். முன்பு உதவி பெற்ற ஆலைகளில், புதிதாகப் பழகிய நடைமுறைகளில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆனாலும் உதவி பெறாத ஆலைகளைவிட அவை இன்னும் முன்னால்தான் நின்றன. அதே நிறுவனத்தின் மற்ற ஆலைகளுக்கும் சில நடைமுறைகள் தாமாகப் பரவியிருந்தன. கைவிட்டதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு: மேலாளர் மாறிவிட்டார், முதலாளிக்கு நேரமில்லை.

இரண்டுமே இங்கே நிச்சயம் வரும். ஆகவே ஆரம்பிக்கும்போதே பாதி விழும் என்று வைத்து அமைப்பது புத்திசாலித்தனம். போர்மாத் தாள், பத்து மணிக் கூட்டம், லாட் அட்டை, லாட் முடிந்ததும் பவுண்டுக் கணக்கு, ஓட்டில் பருப்புச் சோதனை. இந்த ஐந்துக்கு மேல் முதல் ஆண்டில் வேண்டாம். ஒவ்வொன்றையும் செய்யத் தெரிந்தவர் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் போனாலும் தாள் நிற்காமல் இருக்க. முதலாளி வராத நாளிலும் கூட்டம் நடக்க வேண்டும். யார் நடத்துவது என்று முன்பே பெயர் எழுதி ஒட்டிவைத்தால் நடக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆசையை ஆறு மாதம் தள்ளிப்போடலாம். ஏற்றத் தெரிந்த ஒரே பையன் வேலையை விட்டால் எல்லாம் நின்றுவிடும், காகிதத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எவ்வளவு நம்பலாம்

17 சதவீதம் என்ற எண்ணை அப்படியே இங்கே தூக்கிவரக் கூடாது. அது 17 நிறுவனங்கள், ஒரு தொழில், ஒரு வட்டாரம். உடன்பட்டு வந்த நிறுவனங்கள் அவை, உடன்படாதவர்கள் வேறு மாதிரி இருக்கலாம். இலவசமாகக் கிடைத்த பல நூறு மணி நேர ஆலோசனை நம்மூர் ஆபீஸுக்குக் கிடைக்காது. முந்திரியில் கொட்டை விலையும் ஏற்றுமதி விலையும் ஆடுகிற ஆட்டத்தில், நல்ல நிர்வாகம் இருந்தும் நஷ்டப்படும் வருடங்கள் வரும். அந்த வருடத்தில் தாள் மேல் கோபப்படாமல் இருக்க, லாபத்தைத் தனியாகவும் முழுசு சதவீதத்தைத் தனியாகவும் பார்க்க வேண்டும்.

தன் ஆபீஸில் பலன் உண்டா என்று அறிய ஆய்வாளர் வர வேண்டியதில்லை. இரண்டு போர்மா உள்ள இடத்தில் முதல் நான்கு வாரம் எதையும் மாற்றாமல் இரண்டிலிருந்தும் 10 கிலோ மாதிரி மட்டும் எடுத்து எழுதுங்கள். பிறகு நாணயம் சுண்டி, விழுந்த பக்கத்துப் போர்மாவில் மட்டும் தாளையும் தட்டு மாற்றத்தையும் ஆரம்பியுங்கள். எட்டு வாரம் கழித்து மற்றதில். லாட்டை இரண்டுக்கும் சரிபாதி பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் நல்ல கொட்டை ஒரு பக்கம் போய், சரக்கு அப்படி என்ற பழைய பதில் மறுபடி உயிர்பெறும். நாணயம் சுண்டாமல் மேலாளரே தேர்ந்தெடுத்தால் அவர் நல்ல போர்மாவைத்தான் தேர்ந்தெடுப்பார், அதுவும் மனித இயல்பு. எட்டு வாரத்துக்கு நடுவே ஓணம், கிறிஸ்துமஸ் வந்தால் அந்த வாரத்தைக் கழித்துவிடுங்கள். ஆர்டர் நெருக்கடியில் இரண்டு போர்மாவும் ஒரே மாதிரி அவசரப்படும். துண்டு கூடின வாரத்தின் தாளைக் கிழிக்காமல் முதல் நான்கு வாரத் தாள்களோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த சாரலுக்கு முதலில் தேவைப்படும் தாள் அதுதான்.